காத்திருக்கச் சொன்ன அணி: வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஆள்சேர்ப்பு, 2009–2024

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி தன் ஆட்டமுறைக்கும் தன் பழக்கவழக்கத்துக்கும் ஒத்துவருகிற பையன்களைப் பதினைந்து ஆண்டுகள் தேடிச் சேர்த்தது. அதில் எது பலித்தது, எது எப்போது பலிக்காமல் போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பயிற்சியாளர், வீரர்கள் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு யார் யாரென்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயர் இல்லாமலே விஷயம் விளங்கும்.

நல்ல குணமுள்ள பையன்களாகப் பார்த்து எடுத்தார்கள், அதனால் கோப்பை வென்றார்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. சேர்ந்த பையனைப் பொறுமையாக இருக்கச் சொல்ல முடிந்தது, பெரும்பாலும் அவனும் இருந்தான். அதற்கு அன்றைய விதிகளும் துணை நின்றன. விதிகள் மாறிய பிறகு அதே பயிற்சியாளரால் அதே முறையை நடத்த முடியவில்லை.

பின்னணி

2008–09 பருவத்தில் வர்ஜீனியா அணி 10 ஆட்டங்களில் வென்று 18-இல் தோற்றது. அது ஆடும் ஏசிசி (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) லீக்கில்தான் பேர்பெற்ற ட்யூக், நார்த் கரோலினா அணிகளும் இருக்கின்றன. பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரவரிசை வெளியிடும் தளங்களில் முதல் இருபது முப்பது இடங்களில் இருப்பவர்கள் அந்த மாதிரி அணிகளுக்குத்தான் போவார்கள். வர்ஜீனியாவில் படிப்பும் கண்டிப்பு. சுமாராகப் படித்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர் அங்கே தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

2009 மார்ச் கடைசியில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து புதிய பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய தந்தையும் பேர்பெற்ற பயிற்சியாளர். 2000-இல் விஸ்கான்சின் அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனவர். மகன் வர்ஜீனியாவுக்கு எடுத்து வந்த இரண்டு விஷயங்களுமே அப்பாவிடமிருந்து வந்தவை: பேக் லைன் என்ற டிஃபென்ஸ் முறை; பணிவு, உள்ளார்வம், ஒற்றுமை, தொண்டு, நன்றியுணர்வு என்ற ஐந்து கொள்கைகள்.

அங்கே ஆள் எடுக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ட்ரயல்ஸ் வைத்து, சான்றிதழ் பார்த்து எடுப்பதைப் போல அது நடப்பதில்லை. ஓர் அணிக்கு அப்போது 13 முழு ஸ்காலர்ஷிப்கள். அவற்றுக்கு ஆள் பிடிக்கப் பயிற்சியாளர்களே பள்ளி மைதானங்களுக்கும் கோடைக்கால கிளப் போட்டிகளுக்கும் அலைவார்கள்; வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார்கள். ஒரே பையனுக்குப் பத்துப் பதினைந்து கல்லூரிகள்கூடக் கேட்டு நிற்கும். யார் அதிகம் வாக்குக் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் பையன் சாய்வது இயல்பு.

ஆட்டமுறை என்ன கேட்டது

பேக் லைன் முறையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டு அடி உள்ளே ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். பாஸை வெட்டி ஸ்டீல் எடுக்கப் பாயக் கூடாது. எதிராளி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு (டிரிபிள் செய்து) உள்ளே வரும்போதெல்லாம் அவர் முன்னால் இரண்டு உடம்புகள் நிற்க வேண்டும். பந்து வெளியே போனதும் தன் ஆளை நோக்கி ஓடி, ஷாட்டை மறிக்க வேண்டும். இதையே ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை செய்ய வேண்டியிருக்கும். எவருடைய புள்ளிவிவரத்திலும் இது ஏறாது.

தாக்குதலும் அப்படித்தான். மூன்று பேர் ஓடிக்கொண்டே இருக்க, இரண்டு பேர் ஸ்கிரீன் போட்டுக்கொண்டே, அதாவது எதிராளியின் வழியை உடம்பால் மறித்துக்கொண்டே இருப்பார்கள். அவசரப்பட்டு ஷாட் எடுக்கக் கூடாது. 2015 வரை கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது ஓர் அணி ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரம், 35 விநாடி, பிறகு 30. வர்ஜீனியா அதில் பெரும்பகுதியைச் செலவழித்துத்தான் ஷாட் எடுக்கும். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் அது ஒன்று. பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்ற புகாரும் கூடவே வந்தது.

ஆக, சராசரியாக 20 புள்ளி அடித்துப் பழகிய பள்ளி நட்சத்திரத்திடம் இங்கே வா, எட்டுப் புள்ளிதான் அடிப்பாய், முதல் ஆண்டு அநேகமாக பெஞ்ச் என்று சொல்ல வேண்டும். ஆள்சேர்ப்பின் சிக்கல் முழுவதும் இதில் இருந்தது.

2010: ஆறு பேர் வந்தார்கள், இருவர் மிஞ்சினார்கள்

முதல் முழு ஆள்சேர்ப்பில் பயிற்சியாளர் ஆறு பேரை ஒரே தடவையில் எடுத்தார். அணியில் ஆளில்லை, எடுத்தே ஆக வேண்டிய நிலை. 2012 தொடங்குவதற்குள் நான்கு பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்; அதில் ஒருவர் முதல் பருவத்தின் நடுவிலேயே கிளம்பினார். அடித்தளம் போட வந்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனால் எந்தக் கல்லூரியிலும் பயிற்சியாளரின் நாற்காலி ஆடும். வர்ஜீனியா நிர்வாகம் பொறுத்தது. இந்த முடிவுக்கு உரிய அளவு கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

போன நான்கு பேரையும் குணம் சரியில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் பின்னாளில் வேறொரு லீக்கின் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். இன்னொருவர் வேறொரு பெரிய லீக் அணியில் முக்கியப் புள்ளி அடிப்பவராக வளர்ந்தார். ஆட நேரமும் ஷாட் எடுக்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டியிருந்தது, வர்ஜீனியாவில் அது கிடைப்பதாக இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

மிஞ்சிய இருவரில் ஒருவர் வாஷிங்டன் மாநிலத்துச் சிறு ஊர்க்காரர், அப்பா பள்ளிப் பயிற்சியாளர். மூன்றாம் ஆண்டில் சராசரியாக ஆட்டத்துக்கு 16 புள்ளிக்கு மேல் அடித்து லீக்கின் சிறந்த ஐவரில் இடம் பிடித்தார். நான்காம் ஆண்டில் அது 12-ஆக இறங்கியது. பக்கத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் சேர்ந்ததும் அவர் ஷாட்டைக் குறைத்துக்கொண்டார். அந்த 2014-இல்தான் வர்ஜீனியா லீக் பட்டத்தைத் தனியாக வென்றது. ஏசிசி கோப்பைப் போட்டியையும் 1976-க்குப் பிறகு முதல் தடவையாக வென்றது. கடைசி ஆண்டில், என்பிஏ என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் புள்ளி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு பையன் தன் எண்ணிக்கை குறைவதற்கு ஒப்புக்கொள்கிறார். அடுத்து வந்தவர்களுக்கு ஐந்து கொள்கைகளைச் சுவரில் எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு எடுத்த முடிவுகள்

முதலாவதாக, மொத்தமாக ஆள் எடுப்பதைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் போதும். பொருந்தாத ஒருவரை எடுப்பதைவிட ஒரு ஸ்காலர்ஷிப் காலியாகக் கிடப்பது மேல் என்ற கணக்கு. யாரோடு சேர்ந்து முதலில் தோற்க முடியும் என்று பார்த்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்த பையன் என்ன முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், பாஸ் தவறவிட்ட சக வீரனை எப்படிப் பார்க்கிறான் என்பதற்குத் தரவரிசைத் தளங்களில் நட்சத்திரம் கிடையாது.

இரண்டாவது முடிவு ரெட்ஷர்ட். அன்றைய விதிப்படி கல்லூரியில் ஒரு வீரர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். ஒரு முழுப் பருவம் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்தால் அந்தப் பருவம் கணக்கில் சேராது. மற்ற பெரிய அணிகள் பெரும்பாலும் காயம்பட்டவர்களுக்கு இதை வைத்திருந்தன. வர்ஜீனியா நல்ல உடம்போடு இருப்பவர்களையே உட்கார வைத்தது. நியூசிலாந்திலிருந்து வந்த சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்) 2014–15 முழுக்க உட்கார்ந்தார். கினி நாட்டிலிருந்து வந்த ஃபார்வர்ட் அடுத்த பருவத்தில் உட்கார்ந்தார். 2016-இல் பள்ளியிலிருந்து நான்கு பேர் சேர்ந்தார்கள். இந்தியானாவிலிருந்து வந்த, நாடறிந்த ஷூட்டர் ஒருவரும் நியூயார்க் பக்கத்துக் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவரும் உடனே ஆடினார்கள். மற்ற இருவருக்கும் ரெட்ஷர்ட். அந்த இருவரில் ஃபிலடெல்பியாவிலிருந்து வந்தவர்தான் 2019-இல், என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், நான்காவதாக எடுக்கப்பட்டார்.

பையன் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டான்? உடம்பு தேறும், பேக் லைனில் எங்கே நிற்பது என்பது ரத்தத்தில் ஊறும், 23 வயதில் 19 வயதுக்காரனோடு மோதலாம். எல்லாம் உண்மை. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் துண்டுப் பிரசுரத்தில் போடுவதில்லை. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் அன்றைய விதிப்படி கல்லூரி மாறினால் அங்கேயும் ஒரு பருவம் உட்காரத்தான் வேண்டும். எங்கே போனாலும் உட்கார வேண்டும் என்றால் இருக்கிற இடத்தில் உட்காரலாமே.

மூன்றாவது, அணி விதியை மீறுபவரை, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தாலும், நீக்குவது. வேறு கல்லூரியிலிருந்து வந்து, விதிப்படி ஒரு பருவம் உட்கார்ந்து, 2016–17-இல் அணியின் முக்கிய ஆளாக இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட உயரமான வீரர் ஒருவர் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அணி விதிகளை மீறினார் என்று அந்த நவம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். அந்தப் பருவம் ஃப்ளோரிடாவிடம் 65–39 என்ற மோசமான தோல்வியில் முடிந்தது. பருவம் முடிந்ததும் மூன்று பேர் அணி மாறினார்கள். அதில் ஒருவர் போன இடத்தில் பிரமாதமாக ஆடி என்பிஏ வரை போனார்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் வைத்துவிடுகிறேன். பழைய விதிகள் இருந்தபோதும் ஆள் போகத்தான் செய்தார்கள். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டு இருந்து, தன் இடம் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு போனார்கள். அணிக்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைத்தன.

2018 மார்ச் 16

அந்தப் பருவத்தில் வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வியோடு தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. நாட்டின் முதல் நிலை அணி. சார்லட் நகரில் நடந்த முதல் சுற்றில் எதிரணி தன் பிரிவின் கடைசியான 16-ஆம் நிலையில் இருந்த யூஎம்பிசி, மேரிலாந்தின் ஒரு சிறிய பல்கலைக்கழகம். ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் நிலை அணிகள் 16-ஆம் நிலை அணிகளோடு 135 தடவை மோதி 135-லும் வென்றிருந்தன.

இடைவேளையில் 21–21. பிறகு யூஎம்பிசி இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள் அடித்தது. அந்தப் பருவம் முழுவதும் வர்ஜீனியா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்ததே ஏறத்தாழ அவ்வளவுதான். முடிவு 74–54. ஃபிலடெல்பியாக்காரர் மணிக்கட்டுக் காயத்தால் ஆடவில்லை என்பது உண்மை. அதை வைத்து இருபது புள்ளி வித்தியாசத்தை விளக்க முடியாது. மெதுவாக ஆடும் அணி பின்தங்கினால் எட்டிப் பிடிக்க அதன் கையில் போதிய வாய்ப்புகள் இருப்பதில்லை. வேகமாக ஆடத் தெரிந்தவர்களை அது எடுத்துப் பழகவும் இல்லை. பொருத்தம் பார்த்து ஆள் எடுப்பதற்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்தது. நாடு முழுவதும் கேலி, சில வீரர்களுக்கு மிரட்டல்கூட. அப்போது டிராஃப்டுக்குப் போயிருக்கக்கூடிய ஃபிலடெல்பியாக்காரர் போகவில்லை. ஷூட்டர், நியூயார்க் கார்டு, நியூசிலாந்து சென்டர், கினி ஃபார்வர்ட் எல்லோரும் இருந்தார்கள். யாரோடு தோற்க முடியும் என்ற கேள்விக்கு அந்தக் கோடையில் விடை கிடைத்தது. பயிற்சியாளரும் இறங்கி வந்தார்: தன் பழைய தாக்குதல் முறையோடு நிற்காமல், கார்டுகளின் திறமைக்கு ஏற்றபடி பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் போடும் ஆட்டத்தை அதிகம் சேர்த்தார்.

அந்த ஆண்டு புதிதாக வந்தவர்களில் 5 அடி 9 அங்குலக் கார்டு ஒருவர். பெரிய கல்லூரிகள் அவரைச் சீந்தவில்லை. கலிஃபோர்னியாவிலேயே ஒரு சிறிய அணிக்கு ஒப்புக்கொண்டு, பிறகு விடுபட்டு இங்கே வந்தவர். இவரை உட்கார வைக்கவில்லை. எதிரணிக் கார்டை மைதானத்தின் முழு நீளமும் நெருக்கத் தெரிந்தவர் என்பதால் முதல் ஆண்டே இறக்கினார்கள்.

2019: அந்த ஆறு விநாடி

கடைசி எட்டு அணிகளின் சுற்றில் பர்டூ 70–67 என்று முன்னணியில். ஆறு விநாடிகூட மிச்சமில்லை. நியூயார்க் கார்டுக்கு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. கினி ஃபார்வர்ட் எம்பித் தட்டிய பந்து எங்கோ பின்னால், நடுக்கோட்டையும் தாண்டி உருண்டது. குள்ளமான முதலாண்டுக் கார்டு துரத்திப் பிடித்தார். அங்கிருந்து தானே எறிந்து பார்த்திருக்கலாம். கூடைப் பக்கம் நின்ற அதே ஃபார்வர்டுக்கு நீளமாக ஒரு பாஸ். அவர் பிடித்த கையோடு விட்ட பந்து, மணி அடிக்கும்போது காற்றில் இருந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75 என்று வர்ஜீனியா வென்றது. பாஸ் கொடுத்தவர் யாரும் கேட்டு வராத பையன். ஷாட் அடித்தவர் ஒரு பருவம் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்தவர்.

அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 0.6 விநாடி மீதமிருக்க, ஷூட்டருக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. மூன்றையும் போட்டு 63–62. அதற்குச் சற்று முன் வர்ஜீனியா பக்கம் நடந்த ஒரு டபுள் டிரிபிளை (டிரிபிளை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும் விதிமீறலை) நடுவர் கவனிக்கவில்லை. அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஏப்ரல் 8, மினியாபொலிஸில் இறுதி ஆட்டம். தோற்கும் நிலையிலிருந்த அணியைக் கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி ஷாட்டால் சமன் செய்தவர் ஃபிலடெல்பியாக்காரர். மொத்தம் 27 புள்ளி அவருக்கு. டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்று வர்ஜீனியா தன் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தது.

விதி மாறியது

2021 ஏப்ரலில் என்சிஏஏ, ஒரு முறை கல்லூரி மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று கதவு முழுவதும் திறந்தது. என் கருத்தில் வீரர்கள் பக்கம் இது நியாயமே. பல லட்சம் டாலர் சம்பளத்தில் பயிற்சியாளர் இஷ்டம்போல் இடம் மாறலாம், பையன் மாறினால் தண்டனை என்பது சரியான ஏற்பாடு அல்ல.

வர்ஜீனியாவுக்கு அடி உடனே விழுந்தது. 2021 வசந்தத்தில் இளைய வீரர்கள் மூன்று பேர் போனார்கள்; இருவர் அதே லீக்கின் எதிரணிகளுக்கு. 2022–23-இல் நெப்ராஸ்காவிலிருந்து நல்ல தரவரிசையோடு வந்த உயரமான ஷூட்டரைப் பழைய வழக்கப்படி ரெட்ஷர்ட்டாக உட்கார வைத்தார்கள். பருவம் முடிந்ததும் அவர் சொந்த மாநிலத்துக் கல்லூரிக்கு மாறிவிட்டார். வர்ஜீனியா சீருடையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதே பருவத்தில் உட்கார்ந்த இன்னொருவரும் ஓராண்டு ஆடிவிட்டு 2024-இல் போனார். முன்பு உட்கார வைத்துத் தயார்செய்த பையன் தங்கள் அணிக்கு ஆடினான். இப்போது அடுத்த அணிக்கு.

லீக் அளவில் அணி உடனே சரியவில்லை. 2023-இல்கூட பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. தேசியப் போட்டியில்தான் கதை மாறியது. 2021-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்திடம் 62–58, 2023-இல் ஃபர்மனிடம் 68–67, 2024-இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 67–42. 2019-க்குப் பிறகு அந்தப் போட்டியில் அந்தப் பயிற்சியாளர் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.

2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, 55 வயதில் பயிற்சியாளர் ஓய்வை அறிவித்தார். வர்ஜீனியாவில் 364 வெற்றி, 136 தோல்வி. அதற்குச் சில மாதம் முன்புதான் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார்கள். தான் பழைய முறைக்குத் தயாரானவர், இன்றைய சூழலுக்குச் சரியான ஆள் தானில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். துணைப் பயிற்சியாளர் ஒருவர் அந்தப் பருவத்தை ஓட்டினார். 15 வெற்றி, 17 தோல்வி. 2025 மார்ச்சில் நிரந்தரப் பொறுப்புக்கு வந்தவர் 2018-இல் யூஎம்பிசியின் பயிற்சியாளராக இருந்தவர். அவர் முதல் பருவத்துக்குச் சேர்த்த அணியில் பெரும்பாலோர் புதியவர்கள்.

எதை மாற்றலாம்

இதே கொள்கையோடு இன்று ஓர் அணியைக் கட்டுவதென்றால், முதலில் ரெட்ஷர்ட்டை ஆள்சேர்ப்பின் அடித்தளமாக வைக்கும் பழக்கத்தை விடுவேன். உட்காரச் சொல்வது இனி பையனை அடுத்த அணிக்குத் தயார்செய்து அனுப்புவதற்குச் சமம். அதற்குப் பதிலாக, வேறு கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டு ஆடி, தன் அளவு என்ன என்று அறிந்த 21, 22 வயதுக்காரர்களைத் தேடலாம். வர்ஜீனியாவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: 2018-இல் அலபாமாவிலிருந்து வந்தவர் அடுத்த ஏப்ரலில் பட்டம் வென்ற அணியில் இருந்தார், மார்க்வெட்டிலிருந்து வந்த ஃபார்வர்ட் 2020–21-இல் முதல் வரிசையில் ஆடினார். இவர்களின் பொறுமையைக் கணிக்கப் பள்ளி மைதானத்துக்கு அலைய வேண்டாம். பழைய அணியில் ஷாட் குறைந்த மாதங்களில் டிஃபென்ஸில் எப்படி ஆடினார் என்பதை வீடியோவில் பார்த்துவிடலாம்.

பள்ளியிலிருந்து எடுக்கிறவர்களிடம் காத்திரு என்பதை விட்டு, முதல் ஆண்டே ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்த ஐந்து நிமிடம் உன்னுடையது என்று சொல்ல வேண்டும். 5 அடி 9 அங்குலக் கார்டுக்கு நடந்தது அதுதான். கோவிட் காலத்து 2020–21 பருவம் கணக்கில் சேராததால் அவர் ஐந்து பருவங்கள் இருந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் அதிக அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) கொடுத்தவர் என்ற சாதனையோடு போனார். உட்கார வைக்கப்பட்ட எவரும் அவ்வளவு காலம் ஆடவில்லை.

பேக் லைனை வைத்துக்கொள்ளலாம். அதைக் கற்க ஒரு பருவம் பிடிக்கும் என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கோடையில் வந்தவர் நவம்பரில் ஆட வேண்டும் என்றால் விதிகளைக் குறைத்து, இரண்டு மூன்றை மட்டும் பிசகாமல் செய்ய வைக்கலாம். தாக்குதலில் 2018-க்குப் பிறகு செய்த மாற்றத்தை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே செய்திருக்கலாம் என்று நினைக்கிறேன். 2016-இல் கடைசி எட்டு அணிகளின் சுற்றில் இரண்டாம் பாதியில் நல்ல முன்னிலையில் இருந்துவிட்டு சிராக்யூஸிடம் 68–62 என்று தோற்ற ஆட்டத்திலேயே, எதிரணி வேகத்தைக் கூட்டினால் இந்த அணி திணறும் என்பது தெரிந்துவிட்டது.